எந்தப் பக்கம் இடம் போட்டே?

கப்பலில் கேபின் பிடிப்பதெல்லாம் ஒரு வித்தையா என்று அலட்சியமாக இருந்தவன் நான். ரயிலில் லோயர் பெர்த், பஸ்ஸில் ஜன்னலோரம், சினிமாவில் கடைசி வரிசை, கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர் முதலில் வந்து நிற்கும் மூலை. இந்த நான்கும் தெரிந்தவனுக்கு உலகத்தில் எங்கே போனாலும் இடம் பிடிக்கத் தெரியும் என்று ஒரு மிதப்பு. அந்த மிதப்பு 2023 மே மாதம் மலாக்கா ஜலசந்தியில் மூழ்கிவிட்டது. கப்பல் மூழ்கவில்லை, பயப்படாதீர்கள்.

ஆரம்பம் அப்பாவின் கண். அவருக்கு அப்போது 78 வயது. பிப்ரவரியில் ஒரு கண், மார்ச்சில் இன்னொரு கண் என்று இரண்டிலும் புரை எடுத்து லென்ஸ் வைத்தாயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஹால் சுவரைப் பார்த்தவர், "ஏன்டா, இது வெள்ளைச் சுவரா? இத்தனை நாளா மஞ்சள்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்!" என்றார். அன்று ராத்திரி சாப்பிடும்போது மெதுவாக அடுத்த குண்டைப் போட்டார்.

"இந்தக் கண்ணோட பினாங்கு மலையை ஒரு தடவை பார்த்துட்டாத் தேவலை."

அப்பா 1964-ல், 19 வயதில், நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கு போனவர். அங்கே பினாங்கு ஸ்ட்ரீட்டில் அவருடைய பெரியப்பாவின் மளிகைக் கடையில் கணக்கு எழுதினார். அறுபதுகளின் கடைசியில், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பார்க்க பெர்மிட் வேண்டும் என்று அங்கே சட்டம் வந்ததும், 1970-ல் அதே ரஜூலாவில் ஒரு தகரப் பெட்டியோடு திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு அவர் பார்த்த பெரிய தண்ணீர் செம்பரம்பாக்கம் ஏரிதான்.

"அவ்வளவுதானே? ஃப்ளைட் போட்டுடறேன்" என்றேன்.

"ஃப்ளைட்ல போனா மலை நம்ம காலுக்குக் கீழே இருக்கும். அதுக்குப் பேரு மலையாடா?"

கப்பலில்தான் வர வேண்டும் அந்த மலை. ஆனால் நாகப்பட்டினத்திலிருந்து இப்போது ஏது பினாங்குக் கப்பல்? ரஜூலா 1973-ல் ஓய்வு பெற்றது. அதற்குப் பின் ஓடிய சிதம்பரம் கப்பல் 1985-ல் தீப்பிடித்ததோடு அந்தப் பாதையே படுத்துவிட்டது. விசாரித்ததில் ஒரு வழி தெரிந்தது. சிங்கப்பூருக்கு விமானத்தில் போய், அங்கிருந்து உல்லாசக் கப்பல் ஏறினால், போர்ட் கிளாங், பினாங்கு என்று தொட்டுவிட்டு, நான்கு ராத்திரி கழித்து மறுபடி சிங்கப்பூரிலேயே இறக்கிவிடுவார்கள். ஆபீஸில் பி.எஃப். லோனுக்கு எழுதிப் போட்டேன். காரணம் என்ற கட்டத்தில் 'வீடு பழுது பார்த்தல்' என்று இருந்தது. யாரும் காட்டிக் கொடுக்க மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

டிராவல் ஏஜென்ட் டை கட்டிய இளைஞர். "இன்ஸைடா ஸார், ஓஷன் வியூவா, பால்கனியா?" என்றார்.

"என்ன வித்தியாசம்?"

"இன்ஸைடுன்னா ஜன்னலே கிடையாது. ஓஷன் வியூன்னா ஜன்னல் இருக்கும், திறக்க முடியாது. பால்கனின்னா கதவைத் திறந்துட்டு வெளியே நின்னு கடல் பார்க்கலாம். சூட்னு ஒண்ணு..." என்று ஆரம்பித்தவர், என் சட்டைக் காலரைப் பார்த்துவிட்டு நிறுத்திக் கொண்டார்.

இன்னும் மலிவாக 'கேரண்டி' என்று ஒன்று உண்டாம். எந்த வகை அறை என்பதற்குத்தான் கேரண்டி. எந்த இடத்தில் என்பதற்கு இல்லை. கப்பல்காரர்கள் பார்த்து எதை ஒதுக்குகிறார்களோ அதை வாங்கிக்கொள்ள வேண்டும். ரேஷன் அரிசி மாதிரி. அது வேண்டாம் என்றேன்.

அப்புறம் டெக் பிளானை விரித்தார். எறும்புப் புற்றைக் குறுக்கே வெட்டிப் படம் பிடித்த மாதிரி இருந்தது. ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு படம், ஒவ்வொன்றிலும் தீப்பெட்டி தீப்பெட்டியாக நூற்றுக்கணக்கில் அறைகள். நான் திருதிருவென விழித்தேன். "நாளைக்கு வந்து சொல்றேன்" என்று அந்தக் காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு ஆபீஸ் வந்துவிட்டேன். ஆபீஸில் இல்லாத நிபுணர்களா?

ஹெட் கிளார்க் ஒரே வார்த்தையில் சொன்னார்: "மேலே எடு. கீழ்த்தளம் எடுத்தவன் கதி என்னாச்சுன்னு டைட்டானிக்ல பார்த்தேல்ல?" அவர் கப்பலைப் பார்த்ததே தேவி தியேட்டரில்தான்.

பக்கத்து ஸீட்காரர் அப்படியில்லை. எல்.டி.சி.யில் சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பலில் போய், மூன்று நாள் வாந்தி எடுத்துவிட்டு வந்த அனுபவசாலி. "நீ தினமும் எந்த பஸ்ல வர்றே?" என்று கேட்டார். சொன்னேன். "கடைசி ஸீட்ல உட்கார்ந்திருக்கியா? ஸ்பீடு பிரேக்கர் வந்தா என்னாவுது?" கூரையில் தலை இடிக்கும். "நடு ஸீட்ல?" அவ்வளவு தூக்கிப் போடாது. "கப்பலும் அதேதான். மூக்கும் வாலும் ஏறி இறங்கும். நடு இடம் கிட்டத்தட்ட அப்படியே நிக்கும். பார்க்குல ஸீஸா பலகை பார்த்தேல்ல, அந்த மாதிரி. அப்புறம் பக்கவாட்டுல ஆட்டம். தென்னை மரம் காத்துல ஆடும்போது உச்சி எவ்வளவு ஆடுது, அடிமரம் எவ்வளவு ஆடுது? அதனால நடுவுல எடு, கீழே எடு. வயித்துக்கு அதான் நல்லது."

என்னிடம் ஹெட் கிளார்க்கின் ஆசையும் பக்கத்து ஸீட்டின் அறிவும் சேர்ந்தே இருந்தன. பிரச்னை பணம். இரண்டு பால்கனி எடுத்தால் லோன் தாங்காது. ஒரு பால்கனியும் ஒரு இன்ஸைடும் எடுத்தால் சரியாக வந்தது. ஒன்றில் நான், மனைவி, பத்து வயது மகள். இன்னொன்றில் அப்பா, அம்மா. எது யாருக்கு?

"மாமாவுக்கும் அத்தைக்கும் பால்கனியைக் குடுத்துடலாங்க" என்றாள் மனைவி. "கடலைப் பார்க்கத்தானே அவர் வர்றாரு?"

"நாம மூணு பேரு. பாப்பாவுக்கு ஸோபாவை இழுத்துப் போட்டா படுக்கை ஆகறது பால்கனி ரூம்லதானாம்" என்றேன். அது நிஜம். ஆனால் பாதி நிஜம். மீதிப் பாதி என்னவென்றால், 'பால்கனி ரூம்' என்று ஆபீஸில் ஏற்கெனவே அறிவித்தாயிற்று. கையில் காபியோடு கடலைப் பார்த்தபடி நிற்கும் ஒரு போட்டோவுக்கு மனசுக்குள் போஸும் கொடுத்தாயிற்று.

அம்மா வந்து என்னைக் காப்பாற்றினாள். "எங்களுக்கு எதுக்குடா பால்கனி? ராத்திரி காத்து உங்கப்பாவுக்கு ஒத்துக்காது."

அப்பா பேப்பர் படித்துக் கொண்டிருந்தார். ஒரு பக்கம் திருப்பினார். ஒன்றும் சொல்லவில்லை. நானும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆறு வருஷம் அந்தக் கடல் வழியே பிழைக்கப் போய் வந்த மனிதர் வீட்டிலேயே இருக்க, நான் ஹெட் கிளார்க்கிடம் யோசனை கேட்டேன் என்பதை இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது.

பெற்றோருக்கு 9-வது தளம், நட்டநடு, லிஃப்ட்டிலிருந்து நாலாவது கதவு. எங்களுக்கு 15-வது தளம், முன்பக்கம், இடது கை ஓரம். வலதில் இருந்த அறைகளும் அதே விலைதான். ஏஜென்ட், "எந்தப் பக்கம் ஸார்?" என்று கேட்டபோது, "ரெண்டு பக்கமும் கடல்தானேப்பா?" என்று நான் ஜோக் அடித்தேன். அவரும் சிரித்தார்.

சிங்கப்பூரில் கப்பலைப் பார்த்ததும் மகள், "தாத்தா, இது கப்பலா அபார்ட்மென்ட்டா?" என்றாள். நீளம் முந்நூறு மீட்டருக்கு மேல். தாழ்வாரத்தில் இந்த முனையில் நின்று பார்த்தால் அந்த முனை புள்ளியாகத் தெரிகிறது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கதவுகள். அம்மா சமயோசிதமாகத் தன் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ரூம் நம்பருக்குப் பக்கத்தில் ஒட்டினாள். இந்த நாலு நாளும் அந்த அறையை நாங்கள் நம்பரை வைத்துக் கண்டுபிடித்ததே இல்லை.

அறையைத் திறந்ததும் எனக்குக் கொஞ்சம் திக்கென்றது. சுத்தமான அறைதான். கட்டில், அலமாரி, டி.வி., குளியலறை, குளுகுளு ஏ.ஸி. எல்லாம் உண்டு. ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு திரைச் சீலை தொங்கியது. அப்பா அதை ஒதுக்கிப் பார்த்தார். பின்னால் சுவர். மறுபடி மூடிவிட்டார். "பரவாயில்லடா, மெத்தை நல்லாயிருக்கு" என்றார்.

அன்று மதியம் அலைச்சலில் இருவரும் தூங்கிவிட்டார்கள். நான் பால்கனியில் காபியும் கையுமாக போஸ் கொடுத்துக் கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. திறந்தால், அப்பா. குளித்து, நெற்றி நிறைய விபூதி, துவைத்த வேட்டி. "ஏன்டா, விடிஞ்சு இவ்வளவு நேரமாச்சு, காபி எங்கே குடுக்கறாங்க?"

மணி சாயங்காலம் ஐந்தரை. விளக்கை அணைத்தால் அந்த அறையில் குகை இருட்டு. தூங்கி எழுந்தவர் கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார், ஐந்தரை. பல் தேய்த்து விட்டார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். மனைவி மட்டும் என்னைப் பார்த்தாள். பால்கனியில் காற்று நன்றாக வந்து கொண்டிருந்தது. ஆனாலும் எனக்குக் கொஞ்சம் வேர்த்தது.

பால்கனியின் பெருமையையும் சொல்லிவிடுகிறேன். மலாக்கா ஜலசந்தி பொதுவாக அமைதியான தண்ணீர். ஒரு பக்கம் மலேயா, ஒரு பக்கம் சுமத்ரா, நடுவில் குளம் மாதிரி இருக்கும். ஆனால் ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை சில நாள் விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து ஒரு காற்றும் மழையும் திடீரென்று அடிக்கும். 'சுமத்ராஸ்' என்றே அதற்குப் பெயர். முதல் ராத்திரியே அது வந்தது. கப்பல் ஆடியது என்று சொன்னால் பொய்; லேசாகச் சாய்ந்து நிமிர்ந்தது, அவ்வளவுதான். ஆனால் பால்கனிக் கதவிடுக்கில் காற்று நாதஸ்வரம் பழகியது. மனைவி எழுந்து உட்கார்ந்து, எலுமிச்சம்பழம் இருக்கா என்றாள். காற்று ஓய்ந்து கண் அசந்தால், தலைக்கு மேலே 'கிர்ர்ர்' என்று ஒரு சத்தம். எங்களுக்கு மேல் தளம் திறந்தவெளி. அங்கே சாய்வு நாற்காலிகளைச் சிப்பந்திகள் விடிவதற்கு முன் இழுத்து வரிசை போடுகிறார்கள். அது முடிந்ததும் 'டொம் டொம் டொம்'. ஆரோக்கியப் பிரியர்கள் ஓடுகிறார்கள்! எங்கள் கூரைதான் அவர்கள் ஓடுபாதை.

டெக் பிளானில் ஒருவன் தன் அறையை மட்டும் பார்த்தால் போதாது. அதே இடத்துக்கு மேல் தளத்தில் என்ன இருக்கிறது, கீழ்த் தளத்தில் என்ன இருக்கிறது என்று இரண்டு காகிதத்தையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்க்க வேண்டும். மேலேயும் கீழேயும் அறைகளாகவே இருந்தால் தப்பித்தான். மேலே நீச்சல் குளமோ சாப்பாட்டுக் கூடமோ இருந்தால் நாற்காலிச் சத்தம்; கீழே நாடக அரங்கமோ டான்ஸ் கூடமோ இருந்தால் நள்ளிரவு வரை கட்டிலே தாளம் போடும். கீழ்த்தளத்தின் மூக்கில் படுத்தால், கரை சேரும் காலையில் கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் விசைச்சக்கரம் எழுப்பிவிடும். வாலில் படுத்தால் புரொப்பல்லரின் உறுமல். நடுவில், உயிர்காக்கும் படகுகளுக்கு நேராக ஜன்னல் வாய்த்தால், காசு கொடுத்துப் படகின் வயிற்றைப் பார்த்துக் கொண்டிருக்கலாம். பக்கத்து அறைக்குப் போக நடுக்கதவு உள்ள அறையென்றால் அடுத்த வீட்டுச் சண்டை இலவசம். இத்தனையும் நான் தெரிந்துகொண்டது சாப்பாட்டுக் கூடத்தில், என்னைப் போலவே கண் சிவந்து உட்கார்ந்திருந்த சக பயணிகளிடம்.

"நீங்க எப்படித் தூங்கினீங்க?" என்று அப்பாவைக் கேட்டேன்.

"காத்தா? எப்போ?" என்றார். நட்டநடு, 9-வது தளம், மேலும் கீழும் அறைகள். அவர்கள் கட்டிலில் தம்ளர் தண்ணீர்கூட அசையவில்லை.

இரண்டாம் நாள் போர்ட் கிளாங். அப்பா அதை போர்ட் சுவெட்டன்ஹாம் என்றே சொன்னார். 1972 வரைக்கும் அதுதான் பெயர். அவர் திரும்பிய பிறகு மாற்றினால் அவர் என்ன செய்வார்? பினாங்கில் கப்பல் நிற்கும் துறைக்கும் சுவெட்டன்ஹாம் பியர் என்று பெயர் இருப்பதால், அன்று முழுவதும் எங்கே எப்போது இறங்குகிறோம் என்பதில் குடும்பத்துக்குள் ஒரே குழப்பம்.

அன்று ராத்திரி, அதாவது மறுநாள் விடியற்காலை நாலே முக்காலுக்கு, அறை டெலிபோன் அடித்தது. அம்மா.

"அப்பாவைக் காணோம்டா."

"எப்போலேருந்து?"

"தெரியலையே. குளிச்சுட்டு, விடிஞ்சிருச்சான்னு பார்த்துட்டு வரேன்னு போனாரு. நான் அசந்துட்டேன். இப்ப முழிச்சுப் பார்த்தா..."

லுங்கியோடு ஓடினேன். லிஃப்ட் எட்டிலேயே நின்று கொண்டிருந்தது. படி வழியாக இறங்கினேன். பொட்டு வைத்த கதவின் வாசலில் அம்மா அழுது கொண்டு நின்றாள். சாப்பாட்டுக் கூடத்தில் இல்லை. வரவேற்பில் இல்லை. தாழ்வாரத்தில் ஒரு பிலிப்பைன்ஸ்காரச் சிப்பந்தி வந்தான். "ஓல்டு மேன், ஒயிட் வேட்டி" என்று இடுப்பில் சுற்றிக் காட்டினேன். "ஒயிட் டவல், ஸார்? யூ வான்ட் டவல்?" என்றான். வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பேன். பழக்கமில்லாத இடம், இருட்டு, புதுக் கண், சுற்றிலும் கடல். மனசு எங்கெங்கேயோ போனது. ஜன்னலோடு ஒரு அறை கொடுத்திருந்தால் திரையை விலக்கிப் பார்த்துவிட்டு இந்த மனிதர் திரும்பிப் படுத்திருப்பாரே!

8-வது தளத்தில் கப்பலைச் சுற்றி வெளியே ஒரு நடைபாதை உண்டு. இடது பக்கக் கதவைத் தள்ளித் திறந்து ஓடினேன். யாருமில்லை. சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்தேன்.

கைப்பிடிக் கம்பிக்கு ஓரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, துண்டைத் தலைக்குக் கட்டிக்கொண்டு அப்பா உட்கார்ந்திருந்தார்.

"வந்துட்டியா? உட்காரு" என்றார், என்னமோ நாலே முக்காலுக்கு வரச்சொல்லி வைத்திருந்த மாதிரி. "மலை வந்துடுச்சு."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மூச்சு வாங்கிக் கொண்டிருந்தேன். "எங்கேப்பா?"

"விளக்கைப் பார்க்காதே. விளக்கு இல்லாத இடத்தைப் பாரு. வானத்தைவிடக் கறுப்பா ஒண்ணு தெரியுதுல்ல? அதான்."

தெரிந்தது. பிறகு அந்தக் கறுப்பின் முனையில் ஒரு கலங்கரை விளக்கம் சிமிட்டியது. முக்கா ஹெட் என்றார். கப்பல் மெள்ள அதைச் சுற்றித் திரும்பத் திரும்ப, பத்து ஃபெரிங்கி கடற்கரை ஹோட்டல்களின் விளக்குகள் ஒவ்வொன்றாக வந்தன. போன் போட்டு அம்மாவுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அம்மா, மனைவி, தூக்கக் கலக்கத்தோடு மகள், எல்லோரும் ராத்திரி உடையிலேயே வந்து சேர்ந்தார்கள். அம்மா திட்டுவதற்காக வாயைத் திறந்தாள். அப்பா, "அதோ பாரு" என்றார். திட்டு பிற்பாடு வந்தது.

"ரஜூலாவுல எங்களுக்கு ரூமெல்லாம் கிடையாது" என்றார் அப்பா. இந்தக் கதையை அவர் வீட்டில் முழுசாகச் சொன்னதில்லை. "நாகப்பட்டினத்துல கப்பல் கரைக்கு வராது. வெளியே நிக்கும். படகுல போய் ஏறணும். ஏறினதும் ஓட்டம்தான். பாயை விரிச்சு, பெட்டியை வெச்சு, அவனவன் இடம் போடணும். நான் முதல் தடவை திருதிருன்னு நிக்கறேன். திருவாரூர்க்காரர் ஒருத்தர், எத்தனையோ தடவை போய் வந்தவர், கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனாரு. மூக்குப் பக்கம் போகாதே, தூக்கிப் போடும். கக்கூஸ் பக்கம் போகாதே. சமையல் புகை வர்ற பக்கம் போகாதே. படிக்கட்டுக்குக் கீழே படுத்தா ஊரே உன்னை மிதிக்கும். நடுவுல, வலது பக்கமா போடு. வலது பக்கம் ஏன் அண்ணேன்னேன். கடைசி நாள் தெரிஞ்சுக்குவேன்னாரு."

கப்பல் வடக்கிலிருந்து துறைமுகத்துக்குள் திரும்பியது. நாகப்பட்டினத்திலிருந்து வந்தாலும் சரி, சிங்கப்பூரிலிருந்து வந்தாலும் சரி, பெரிய கப்பல்கள் தீவின் தலையைச் சுற்றி வடக்கு வாயிலில்தான் நுழைய வேண்டுமாம். தெற்கே பாலம் குறுக்கே நிற்கிறது. வருகிற வழி நெடுக, தீவும் மலையும் வலது கைப் பக்கமே இருந்தன.

"ஆமா, நீ எந்தப் பக்கம் இடம் போட்டே?" என்று கேட்டார்.

"இடது பக்கம்ப்பா."

"அடப்பாவி" என்றார். "அங்கே என்ன தெரியும்? கடலு."

எனக்கு அப்போதுதான் வாய் வந்தது. "அப்பா, உங்க ரூம்ல ஜன்னல் இல்லேன்னு..."

"ரஜூலாவுல ராத்திரி பகல் பூரா எனக்கு ஜன்னல்தான். சுவர்தான் இல்லை" என்றார். "இப்ப சுவரோட தூங்கறேன், நல்லாத்தான் இருக்கு. மணி மட்டும் தெரிய மாட்டேங்குது." பிறகு மலையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "நீ என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார். ரூமைச் சொன்னாரா, பக்கத்தைச் சொன்னாரா, நான் கேட்கவில்லை.

ஏழு மணி வாக்கில் வெளிச்சம் வந்தது. மலை முழுசாக நின்றது. அப்பா ஒவ்வொரு கண்ணாக மூடி மூடிப் பார்த்தார். இரண்டு லென்ஸுக்கும் சமமாகக் காட்டினார் போலிருக்கிறது.

பினாங்கு பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். துறையை விட்டு வெளியே வந்ததுமே விக்டோரியா ராணிக்காகக் கட்டிய மணிக்கூண்டு. ராணி ஆண்ட 60 வருஷத்துக்கு 60 அடி உயரம். யுத்தத்தில் குண்டு விழுந்ததில் லேசாகச் சாய்ந்தது இன்னும் அப்படியே. பினாங்கு ஸ்ட்ரீட்டுக்கு நடந்தே போனோம். பெரியப்பா கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அப்பா எதிர்ச்சாரியில் ஐந்து நிமிஷம் நின்றார். "வா, டீ குடிக்கலாம்" என்றார். குடித்தோம்.

சாயங்காலம் கப்பலுக்குத் திரும்பியதும் மனைவி உத்தரவு போட்டாள்: "ரூமை மாத்திக்கறோம்." கதவைத் திறக்கும் கார்டுகளை மாற்றிக் கொண்டோம். மகளுக்கு ஸோபா இருக்கும் இடமே சௌகரியம் என்பதால் அவள் தாத்தா பாட்டியோடு பால்கனி அறையில். நானும் மனைவியும் பொட்டு வைத்த கதவுக்குள். திரும்பும் வழியில் தீவு இடது கைக்கு வந்துவிடும், அப்புறம் மலேயாக் கரையும் அந்தப் பக்கம்தான் என்று அப்பாவே கணக்குச் சொன்னார். நான் எடுத்த இடது பக்கம் பாதி ராசியானதுதான் என்று மனைவியிடம் வாதாடிப் பார்த்தேன். எடுபடவில்லை.

உள்ளறையில் படுத்துப் பார்த்தேன். சொர்க்கம். சத்தமில்லை, ஆட்டமில்லை. அறையைச் சுத்தம் செய்ய வந்த பையன் ஒரு தந்திரம் சொல்லிக் கொடுத்தான். டி.வி.யில் ஒரு சானலில் கப்பலின் மூக்கில் வைத்த காமிரா காட்டுவதை நாள் முழுக்க ஓடவிடுகிறார்கள். சத்தத்தைக் குறைத்து அதைப் போட்டுவிட்டுத் தூங்கினால், விடியும்போது டி.வி.யும் விடியும். ஜன்னலுக்கு ஜன்னல். இதை முதல் நாளே தெரிந்து வைத்திருந்தால் அப்பா சாயங்காலம் பல் தேய்த்திருக்க மாட்டார். தேய்க்காமல் இருந்திருந்தால் விடியலைத் தேடி வெளியே போயிருக்கவும் மாட்டாரோ என்னவோ.

அந்தச் சொர்க்கம் காலை ஐந்து மணி வரைதான் நீடித்தது. கதவு இடிபட்டது. அம்மா, தலையணையும் போர்வையுமாக.

"மேலே யாருடா பெஞ்சு இழுக்கறான்? மனுஷி தூங்க வேணாமா? என் ரூமை என்கிட்டே குடுத்துடு!"

மனைவி நகர்ந்து இடம் கொடுத்தாள். நான் என் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, போகிற வழியில் சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டு காபி பிடித்துக்கொண்டு, பதினைந்தாவது தளத்துக்குப் போனேன். மகள் ஸோபாவில் சுருண்டு தூங்கிக் கொண்டிருந்தாள். பால்கனிக் கதவு திறந்திருந்தது. தலைக்கு மேலே 'டொம் டொம்' என்று யாரோ ஓடிக் கொண்டிருந்தார்கள். அப்பா காதில் அது விழுந்த மாதிரி தெரியவில்லை. இடது பக்கம், தூரத்தில், கரை விளக்குகள்.

"போர்ட் சுவெட்டன்ஹாம் தாண்டியாச்சு" என்றார்.

பால்கனியில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அவர். இன்னொன்றில் அவருடைய துண்டை விரித்து, பறக்காமல் இருக்க அதன் மேல் மூக்குக் கண்ணாடிக் கூட்டை வைத்திருந்தார். நான் அதை எடுத்து நகர்த்தலாமா என்று யோசித்தபடி காபியோடு நின்றேன்.

"என்ன பார்க்கறே? உனக்குத்தான் இடம் போட்டிருக்கேன். உட்காரு."